பேராக் தமிழ்: புதியவருக்கு ஒரு கையேடு

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழரின் அன்றாடப் பேச்சு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் வழியில் உருவான தோட்டங்கள் பல செம்பனைக்கும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கும் இடம்விட்டுவிட்டன. பேச்சு மட்டும் காலி செய்ய மறுக்கிறது.

விடியுமுன் பெயர் கூப்பிடும் வரிசைக்குப் பெரட்டு என்று பெயர். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். இப்போது வெட்ட மரமில்லை. ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா இருட்டிலேயே எழுந்து, வீட்டையே பெரட்டுக்கு எழுப்புகிறார். சும்மா நின்று வேலை ஏவும் மாமாவுக்குக் கங்காணிப் பதவி. செலவுக் கணக்குக் கேட்கும் அத்தைக்குக் கிராணிப் பதவி. சம்பளம் இருவருக்கும் இல்லை.

விருந்தாளியை வரவேற்கும் கேள்வி "பசியாறியாச்சா?" என்பது. "இல்லை" என்றால் தட்டு வரும். "ஆச்சு" என்றாலும் வரும், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த கேள்வி, "தண்ணி கலக்கட்டுமா?" தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் திடுக்கிடுவார்: பட்டப்பகலில், மாமியார் முன்னாலா? கலக்கப்படுவது தேநீரோ மைலோவோதான். "காடியிலயா வந்தீங்க?" என்றால் புளித்த கஞ்சியைத் தேட வேண்டாம், காடி என்பது கார், அது ஓடுவது சடக்கில், அதாவது சாலையில். வாடகை வெள்ளியில் தர வேண்டும். நகைப்பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, ரிங்கிட் நோட்டே போதும்.

ஈப்போ சாப்பாட்டுக் கடையில் வாடிக்கையாளர் பரிமாறுபவரை "போஸ்" என்பார். அவரும் பதிலுக்கு "போஸ்" என்பார். இரண்டு முதலாளிகளுக்கு நடுவே ரொட்டி சானாய் எப்படியோ வந்துசேருகிறது. சீனரும் மலாய்க்காரரும்கூட "அண்ணே" என்றே கூப்பிடுவார்கள். சர்க்கரை ஆகாதவருக்குத் "தே ஓ கோசோங்". கட்டிக்கொண்டு போக "தாப்பாவ்". கடைக்காரர் "முடியாது" என்றால் சண்டை, "முடியாது லா" என்றால் இன்னும் பேசிப் பார்க்கலாம்.

தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு. பக்கத்து வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் முறுக்குக் கடிக்க வருவார்கள். பிள்ளைகளுக்கு அங்பாவ் என்னும் பண உறை கிடைக்கும். கொடுத்தவர் முன்னாலேயே பிரிப்பது மரியாதையன்று, தடவிப் பார்ப்பதற்குத் தடையில்லை.

விடைபெறுவது மூன்று கட்டமாக நடக்கும்: நாற்காலியில் ஒருமுறை "வரேன்", வாசலில் ஒருமுறை, காடிக் கதவைப் பிடித்தபடி ஒருமுறை. மூன்றாவதில்தான் முக்கியமான குடும்பச் செய்திகள் வெளிவரும். கையில் பலகாரப் பொட்டலம் ஏறும்வரை யாரும் கிளம்பியதாகக் கணக்கில்லை.