சமையல் நோட்டின் கறைகள்: தம்பானூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சமையல் நோட்டு என்பது, சமைக்கத் தொடங்கும்போது யாரும் திறக்காத, பாதியில் சந்தேகம் வந்ததும் எண்ணெய்க் கையோடு தேடப்படும் ஏடு ஆகும். காசு கொடுத்து வாங்கிய நோட்டில் சமையல் குறிப்பு எழுதும் வழக்கம் அருகியே காணப்படுகிறது. வங்கியோ காப்பீட்டு முகவரோ இனாமாகக் கொடுத்த, ஆண்டு முடிந்துபோன டைரிதான் இதற்கு உரியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. கடைசிப் பக்கங்களில் பால் கணக்கு. இடையில் ஒரு குடும்பம் தலைமுறைக் கணக்கில் தின்று தீர்த்ததன் வரலாறு. இந்த வரலாற்றை எழுத்தைப் படித்து அறிய முயல்வோர் ஏமாறுவர். கறையே முதன்மைச் சான்று என்பது இவ்வாய்வின் முடிபு.

ஆய்வெல்லை திருவனந்தபுரத்துத் தம்பானூரும், அதற்குத் தெற்கே தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் சாலைக் கடைத்தெரு, கோட்டைக்ககம், கரமனை ஆகிய பகுதிகளும் ஆகும். தம்பானூரை நடுவாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1931இல் ரயில் இங்கே வந்தது. 1979இல் நாகர்கோவில் பக்கமும் பாதை திறந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாண்டு. எந்த அத்தை எந்த ஊரிலிருந்து வந்தாலும் இறங்க வேண்டிய இடம் இதுவே. சமையல் குறிப்புகள் தபாலில் வருவதில்லை, அத்தைகளோடு வருகின்றன. ‘கரமனைச் சித்தி அல்வா’, ‘சுசீந்திரம் அத்தை தீயல்’ என்பன போன்ற தலைப்புகள் இதை உறுதிசெய்கின்றன. பிற்பாடு அந்த அத்தையோடு பேச்சுவார்த்தை நின்றுபோனால் தலைப்பில் அவர் பெயர் அடிக்கப்படும். தீயல் அடிக்கப்படுவதில்லை.

எழுத்தை நம்ப முடியாமைக்கு முதற்காரணம் அளவு. நாழி என்று எழுதியிருந்தால் எந்த நாழி என்ற கேள்வி எழும். மலைக்குக் கிழக்கே எட்டு ஆழாக்கு கொண்ட படியை நாழி என்பர். திருவிதாங்கூரிலோ நான்கு நாழி சேர்ந்ததுதான் ஓர் இடங்கழி. இந்தக் குழப்பத்தோடு 1956 வேறு வந்து சேர்ந்தது. அந்த நவம்பரில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணைந்தன. டிசம்பரில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் நிறைவேறியது. ஒரே குளிர்காலத்தில் அத்தையின் வீடு வேற்று மாநிலத்துக்கும், அவருடைய ஆழாக்கு பழங்காலத்துக்கும் போய்விட்டன. அதற்குப் பிந்தைய நோட்டுகளில் கிராம் கணக்கு தென்படுவது உண்மையே. ஆனால் அதன்படி நிறுத்துப் போட்டதற்கான தடயம் கிடைப்பதில்லை. புளி இன்னும் எலுமிச்சம்பழ அளவுதான். எந்த எலுமிச்சம்பழம் என்பதை எந்த நோட்டும் சொல்வதில்லை.

அச்சு நூல்களின் பாதிப்பும் குறிப்பிடத்தக்கது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ கல்யாணப் பெண்ணோடு அனுப்பும் நூலாயிற்று. 1953இல் மலையாள மனோரமாவில் திருமதி கே. எம். மேத்யு சமையல் பகுதி எழுதத் தொடங்கிய பின், அத்தகைய பத்திரிகைத் துண்டுகள் நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டன. பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்றது. அவ்வகைக் குறிப்புகளில் இன்று ஓட்டைகளே மிஞ்சியுள்ளன. அவையும் ஒரு வகை வாசிப்பின் விளைவே.

இனிக் கறை. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது காற்றுப்பட்டு இறுகாது. தாளில் பரவி, மறுபக்க எழுத்து தெரியும்படி நிற்கும். நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பே மிகுதி. ஆக்சிஜனோடு வினைபுரிந்து நாளடைவில் மஞ்சளித்துப் பிசுபிசுக்கும். ஆகவே கறையைத் தொட்டுப் பார்த்தே சமைத்தவர் மேற்கா கிழக்கா என்று சொல்லிவிடலாம். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். மஞ்சள்பொடியிலுள்ள குர்க்குமின் வெயிலில் வெளுக்கும், சோப்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும். ஓரத்தில் செம்புள்ளிகள் காணப்பட்டால் சோப்புக் கையால் யாரோ துடைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த மருமகளாக இருக்கலாம். துடைத்தது யார் என்ற விசாரணை சில வீடுகளில் இன்னும் முடியவில்லை. பழுப்பாக மங்கிய பீட்ரூட் கறை, தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய சுழல் வடிவ இந்தியன் காபி ஹவுஸின் கட்லட்டை வீட்டில் செய்து பார்த்ததன் அடையாளம். (பேக்கர் என்ற பெயரால் மயங்க வேண்டாம், அவர் தொழில் செங்கல்.)

எல்லா நோட்டிலும் வளமான பக்கம் போளியுடையது. தமிழ்நாட்டில் வெல்லமும் தேங்காயும் பூரணமாக வைக்கும் போளி பரவலாக உண்டு. திருவனந்தபுரத்துப் போளிக்குக் கடலைப்பருப்பும் சீனியும் ஏலக்காயும் பூரணம். மேல்மாவு மஞ்சள் நிறம். சதியா விருந்தில் இதை இலையில் போட்டு, மேலே பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்பர். வடக்கே மலபார்க்காரர்கள் இதை வியப்போடு பார்ப்பதுண்டு. போளிப் பக்கத்தில் நெய், நல்லெண்ணெய், மைதா, மஞ்சள் ஆகிய அடுக்குகள் கிடைப்பது எதிர்பார்க்கத்தக்கதே. புதிர் அவற்றின் மேலுள்ள பாயசத் துளிதான். பாயசமும் போளியும் சந்திப்பது அடுப்பில் அன்று, இலையில். ஆக, சாப்பாட்டின் நடுவே நோட்டு பந்திக்குக் கொண்டுவரப்பட்டு ஏதோ ஒரு வழக்கு தீர்க்கப்பட்டிருக்கிறது. சீனியா வெல்லமா என்பதே வழக்காக இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது கேக் பக்கம். அதில் கறையே இல்லை. செய்யவே இல்லை என்று ஒரு சாராரும், பயபக்தியோடு கை கழுவிச் செய்தார்கள் என்று இன்னொரு சாராரும் வாதிடக்கூடும். ஓவன் இல்லாத காலத்தில் குக்கரின் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றி, அடியில் ஆற்று மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்குவர். சூட்டை ஒரே சீராக வாங்கி நெடுநேரம் வைத்திருக்கும் குணம் மணலுக்கு உண்டு. அந்தப் பக்கத்தின் தையலிடுக்கை உதறிப் பார்த்தால் மணல் விழுகிறதா என்பதே இறுதிச் சோதனை. முட்டைக்குப் பதில் தயிர் என்று பென்சிலால் திருத்தியிருந்தால் திகைக்க வேண்டியதில்லை. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளிக்காகச் செய்த பிளம் கேக்கிலேயே, சொன்ன பிராந்தியை விட்டுவிட்டு முந்திரிப்பழமும் கதலியும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. சொன்னபடி செய்யாமைக்கு அவரே முன்னோடி.

வாரிசுரிமையில் நோட்டு பெரும்பாலும் மூத்த மகளுக்குச் செல்கிறது. மற்றவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் எண்ணெயின் பிசுபிசுப்பு பதிவதில்லை, மணலும் உதிர்வதில்லை. எனவே இவ்வேட்டை வைத்திருப்போர் அதற்குப் பிளாஸ்டிக் அட்டை போடாமலும், ஈரத்துணியால் துடைக்காமலும், அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் வைத்துப் புழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.