அடுக்களைக் கரப்பியல்: சில முதற்குறிப்புகள்

கரத்தல் என்றால் மறைதல், கரப்பது கரப்பான். விளக்கைப் போட்டதும் மிக்சிக்குப் பின்னால் கரந்துவிடுவதால் இது காரணப் பெயரே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. (மொழியியலாளர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார்கள்.)

நம் சிங்க்கடியில் குடியிருக்கும் சிறிய வகைக்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். ஆனால் அதன் பூர்வீகம் இந்தியா அல்லது மியான்மர் பக்கம், வயது ஏறக்குறைய 2,100 ஆண்டுகள் என்று 2024இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அதாவது சங்க காலம். செம்மொழிச் சலுகை எதுவும் அது இதுவரை கோரவில்லை.

ஆய்வுக் களம், ஏழுக்கு ஆறடி அடுக்களை. நேரம், இரவு 11.30க்கு மேல். கருவிகள், டார்ச் லைட் ஒன்று, ஒற்றைச் செருப்பு. செருப்பு தோற்றதற்கு ஆய்வாளரின் வயது காரணமன்று. கரப்பானின் பின்புறத்துக் கொம்பு இரண்டிலும் நுண்மயிர்கள் உண்டு. செருப்பு கிளப்பும் காற்று, செருப்புக்கு முன்னமே அங்கே போய்த் தகவல் சொல்லிவிடுகிறது.

பூச்சி சாக்பீஸால் கோடு கிழிப்போர் இலக்குவனை முன்மாதிரியாகக் காட்டுவர். வால்மீகியிலும் கம்பரிலும் அப்படியொரு கோடே இல்லை. கம்பரின் இராவணன் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துப் போகிறான். எங்கள் வீட்டுக் கரப்பான்கள் மூலநூல் கற்றவை போலும், சுவரேறிக் கடந்தன.

பிறகு மாடி வீட்டு மாமி சொன்னபடி பிரிஞ்சி இலையும் கிராம்பும் வைத்தோம். மூன்றாம் நாள் கரப்பான்களைக் காணவில்லை. நான்காம் நாள் மாமி வந்து, "அந்த இலை மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். இம்முறை இடமாற்ற உத்தரவே அன்றி வேலைநீக்கம் ஆகாது என்பது இதனாற் பெறப்பட்டது.

உருப்படியாகப் பலித்தது போரிக் பவுடர் ஒன்றுதான். கேரம் போர்டில் தூவுவார்களே, அதேதான். கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடுக்கில் வைக்க வேண்டும். தின்றது சாகும், அதே இடுக்கில் வெறும் தூளாகத் தூவினால், தின்னாமல் மிதித்துப் போனதும் சாகும். என்னை? கரப்பான் ஓயாமல் காலையும் மீசையையும் வாயால் இழுத்துத் துடைத்துக்கொள்ளும் பிராணி. ஒட்டிய தூள் அவ்வழியே வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஆக, அது சாவது தன் சுத்தத்தால். பிழைப்பது, ராத்திரி முழுக்க நாம் ஊறப்போடும் குழம்புச் சட்டியால். இந்த முடிவை வீட்டில் வாசித்தபோது, சட்டியை யார் கழுவுவது என்ற துணைத்தலைப்பில் நீண்ட விவாதம் நடந்தது. அது இங்கே தவிர்க்கப்படுகிறது.

சர்க்கரை பற்றி ஓர் எச்சரிக்கை. குளுக்கோஸை ஒதுக்கும் கரப்பான்களை அமெரிக்காவில் ஜூல்ஸ் சில்வர்மேன் 1993இல் அறிவித்தார். அவற்றுக்கு அது கசக்கிறது என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2013இல் காட்டினார்கள். எங்கள் வீட்டில் சர்க்கரையை விட்டவன் நான் ஒருவன்தான் என்றிருந்தேன்.

ஆய்வில் ஒரு குறை. ஒப்பிட்டுப் பார்க்க, இரவில் சிங்க்கைக் காலியாக்கி ஈரம் துடைத்துவிட்டுப் படுக்கும் வீடு ஒன்று தேவைப்படுகிறது. எங்கள் குடியிருப்பில் கிடைக்கவில்லை. வாசகர் எவரேனும் அப்படி இருந்தால் தெரிவிக்கவும். டார்ச் லைட்டோடு வருகிறேன்.