அடுத்து வாங்கப்போகிறவர்

போன ஞாயிற்றுக்கிழமை மின்னியாபோலிஸ் பக்கம் ஒரு பழைய படகுக் கடையில் அந்த ஆள் செய்த காரியம் இந்தக் கட்டுரைக்காரருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அரை டிராயர், கையில் காபி, பின்னால் இரண்டு பிள்ளைகள். பான்டூன் படகில் ஏறினார், சோபாவில் சாய்ந்தார், "கப் ஹோல்டர் எத்தனை?" என்றார், வாங்கிவிட்டார். திரும்ப விற்றால் என்ன தேறும் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அதே படகைக் கட்டுரைக்காரர் மூன்று வாரமாகப் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தார்.

பான்டூன் இந்த மினசோட்டா மாநிலத்துச் சரக்கு. 1952-இல் ரிச்மண்ட் என்ற ஊரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். மிதக்கும் திண்ணை. மனைவிக்கு அதுதான் வேண்டும். கட்டுரைக்காரரின் கண்ணோ பழைய 13 அடி பாஸ்டன் வேலர் மேல். 1961-இல் லைஃப் பத்திரிகைக்காக, முதலாளி டிக் ஃபிஷரை உள்ளே உட்காரவைத்தே அதை இரண்டாக அறுத்தார்கள், மூழ்கவில்லை. பாதியாக அறுத்தாலும் மிதக்கிற பொருளுக்குப் பாதி விலையாவது நிற்காதா? உட்கார மரப்பலகைதான். ஒரு அலை தூக்கிப் போட்டால் முதுகெலும்பில் எத்தனை கண்ணி என்று தெரிந்துவிடும்.

"ஏங்க, இதுல நாம உட்காரணுமா, நாளைக்கு வாங்கப்போறவன் உட்காரணுமா?"

வாங்கப்போறவன்தான். இதில் என்ன சந்தேகம்? மதுரையில் வாங்கிய ஸ்கூட்டரின் சீட் கவரை அவருக்காகத்தான் ஐந்து வருஷம் உரிக்கவில்லை. சித்திரை வெயிலில் வெந்தது இவர் தொடை. அடியில் பளபளவென்று இருந்தது அவர் சீட். பிடித்த நிறம் கிளிப்பச்சை. வாங்கிய கார் எல்லாம் வெள்ளை. டிவி வந்த அட்டைப்பெட்டி, தெர்மோகோலோடு பரணில். ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, எண் தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கல். வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது; ஆனால் அவருக்கு இருந்தால்? கிழக்குப் பார்த்த ஃபிளாட். சுவரில் ஆணி அடித்தால் அவர் முகம் சுளிப்பாரே என்று கல்யாணப் படம் பதினோரு வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்தது. கடைசியில் ஸ்கூட்டரை வாங்க வந்த அந்தப் புண்ணியவான், முதல் வேலையாகக் கவரைக் கிழித்தார். "வண்டி பழசு சார்" என்று இரண்டாயிரம் குறைத்தார்.

இங்கே 11,842 ஏரிகள். வண்டி நம்பர் பலகையில் மட்டும் அடக்கமாகப் பத்தாயிரம் என்று போட்டிருக்கும். குளிர்காலத்தில் அத்தனையும் உறைந்துபோகும். படகுக்கு ஷெட் வாடகை உறையாது. கோடையில் ஓட்டினாலோ இன்ஜின் மீட்டரில் மணி ஏறும், விலை இறங்கும். ஆகவே வாங்கி ஓட்டாமல் வைத்திருப்பதே லாபம் என்று கட்டுரைக்காரர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். கணக்கைப் பார்க்க ஆளில்லை. மனைவி பான்டூன் சோபாவில் கண்ணயர்ந்திருந்தார். அப்போதுதான் அரை டிராயர் வந்து சேர்ந்தது.

எந்தப் படகு வாங்கலாம் என்று சொல்வதாகத்தான் இதை எழுத உட்கார்ந்தது. அதற்குள் நேற்று மாலை ஏரிக்கரையில் அந்தப் பான்டூன் கண்ணில் பட்டுவிட்டது. சோபா முழுக்க பிள்ளைகள், துண்டுகள், நடுவில் சொட்டச் சொட்ட ஒரு நாய், வினைலை நகத்தால் பிறாண்டிக்கொண்டு. கரையில் நின்றபடியே கட்டுரைக்காரர் ஐந்நூறு டாலர் கழித்தார்.