மடியில் ஏறாத மடிக்கணினி: நீங்காக் கூடல் பற்றிய ஓர் ஆய்வு

வாங்கிய நாளிலிருந்து சார்ஜர் பிடுங்கப்படாமல் மேசையில் ஒரே இடத்தில் கிடக்கும் மடிக்கணினியே இந்த ஆய்வின் பொருள். இதை அடையாளம் காண்பது எளிது. வயரில் ஒட்டடை படிந்திருக்கும். ஸ்பைக் பஸ்டர் மேல் 'ஆஃப் செய்யாதே' என்று எழுதிய காகிதத் துண்டு செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருக்கும். கணினியைத் தூக்கினால் அடியில் அதன் அளவுக்கு மேசை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

'மடி' என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. உட்கார்ந்தவரின் தொடை, மடித்தல், சோம்பல், சாதல் ஆகியவை இங்கே வேண்டியவை. பெயர் வைத்தவர்கள் மனத்தில் கொண்டவை முதல் இரண்டும். செருகியபடி கிடக்கும் கணினிக்கு அவ்விரண்டும் பொருந்தா. அது மடியில் ஏறுவதும் இல்லை, மடக்கப்படுவதும் இல்லை. எஞ்சிய இரண்டும் அதன் பேட்டரிக்கு உரியவை. பேட்டரி வேலையின்றிச் சோம்பிக் கிடக்கிறது, கிடந்தபடியே சாகிறது.

கணினிக்கும் சார்ஜருக்கும் உள்ள உறவை அகத்திணை கொண்டு விளக்கினால் சுருக்கமாக முடியும். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என உரிப்பொருள் ஐந்தைத் தொல்காப்பியம் கூறுகிறது. சார்ஜரை ஊரில் மறந்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறியவரின் நிலை பாலை. கரண்ட் போய், வரும் வரும் என்று காத்திருப்பது முல்லை. 5 சதவீதத்தில் சிவப்புக் குறி கண்டு கலங்குவது நெய்தல். சார்ஜர் பின் தளர்ந்துபோய், ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறுவது மருதத்து ஊடல். அப்போது வயருக்கு அடியில் மடித்துச் செருகப்படும் பழைய பஸ் டிக்கெட், தலைவன் தலைவியிடையே பாணன் செய்த வேலையைச் செய்கிறது. இந்த நான்கிலும் பேட்டரிக்கு ஏதோ ஒரு பயன் உண்டு. எஞ்சிய புணர்தல், அதாவது கூடல் மட்டும், பிரிவே இல்லாமல் நீளும்போது நோயாகிறது. பிரிவே இல்லாத காதலில் சங்கப் புலவர்களுக்கும் பாட அதிகம் கிடைத்திருக்காது.

இந்நோய்க்குப் பொதுமக்கள் கூறும் காரணம் 'ஓவர் சார்ஜ்'. பேச்சுவழக்கில் சார்ஜ் ஏறும், நிற்கும், இறங்கும். காய்ச்சலும் அப்படியே ஏறி இறங்கும். ஆகவே கவனிக்காமல் விட்டால் சார்ஜும் ஏறிக்கொண்டே போகும் என்ற அச்சம் இலக்கண வழியாகவே வந்திருக்கலாம். அச்சம் தவறு. 100 சதவீதம் ஆனதும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் கணினி அடாப்டரிலிருந்து நேராக ஓடுகிறது. சார்ஜ் தானாகச் சில சதவீதம் இறங்கிய பிறகே மறுபடி ஏற்றம் தொடங்கும். வெளியே கூடல் போலத் தெரிவது உள்ளே பெரும்பாலும் பாராமுகம்.

பழைய நம்பிக்கை இன்னொன்றும் உண்டு: மாதம் ஒருமுறை பேட்டரியைப் பூஜ்யம் வரை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது. இது நிக்கல்-காட்மியம் காலத்தது. திரும்பத் திரும்பப் பாதியில் ஏற்றினால் அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொள்ளும் குணம் அந்த வகைக்கு இருந்தது. அந்த பேட்டரி மடிக்கணினியை விட்டுப் போய்விட்டது. நினைவு மட்டும் மனிதரிடம் தங்கிவிட்டது. இன்றைய லித்தியம்-அயனுக்கு அடிக்கடி பூஜ்யம் தொடுவது கெடுதல். சதவீதக் கணக்கு தப்பாகக் காட்டினால் மட்டும் எப்போதாவது ஒருமுறை இறக்கி ஏற்றலாம்.

உண்மைக் காரணங்கள் இரண்டு: நிறைவும் சூடும். லித்தியம்-அயன் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். முழுக்க ஏறினால் 4.2 வோல்ட், சில வகைகளில் அதற்கும் சற்று மேல். அந்த உச்சியில் இடம்பெயரும் லித்தியத்தின் பெரும்பகுதி கிராஃபைட் அடுக்குகளுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நடுவே உள்ள மின்பகு திரவம் அதோடு மெல்ல வினைபுரிந்து ஒரு படலத்தை உண்டாக்கும். ஓரளவு படலம் செல்லுக்குப் பாதுகாப்பு. அது தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கியது திரும்ப வராது. நேர்முனையிலும் உயர் மின்னழுத்தத்தில் சிதைவு நடக்கிறது. சூடு கூடினால் இவை எல்லாம் வேகம் பிடிக்கும். பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கின்படி, 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு வைத்த பேட்டரி கொள்ளளவில் சுமார் 4 சதவீதம் இழக்கும். முழுச் சார்ஜோடு வைத்தால் இழப்பு 20. முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் 35. சித்திரை மாதத்து வேலூரில், மெத்தை மேல், காற்றுத் துளை அடைபட, செருகியபடி கிடக்கும் கணினிக்கு எந்த எண் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடை நேர்முனையாக்கலாம் என்று 1980இல் காட்டிய குழுவின் தலைவர் ஜான் குட்இனஃப். 1991இல் சோனி இவ்வகை பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல், 97 வயதில், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோரோடு குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவருடைய குடும்பப் பெயருக்கு 'இவ்வளவு நன்றாக இருந்தால் போதும்' என்று பொருள். அந்த பேட்டரியை வாங்கியவர்களுக்குத்தான் 100க்குக் குறைந்து எதுவும் போதவில்லை.

மருந்தும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்தினால் மின்னழுத்தம் உச்சியை விட்டு இறங்கிவிடும். இதற்கான வசதி பெரும்பாலான புதிய கணினிகளில் உண்டு: லெனோவோவில் வான்டேஜ் செயலி, ஆசஸில் மைஆசஸ், டெல், எச்பி ஆகியவற்றில் பயாஸ் அமைப்பு. சில மாடல்களில் லினக்ஸ் பயனர் ஒரு கோப்பில் 80 என்று எழுதினால் முடிந்தது. ஒருமுறை வைத்துவிட்டால் வயரைப் பிடுங்கவே வேண்டியதில்லை. 'காசு கொடுத்தது நூறுக்கு, எண்பது எதற்கு' என்ற எதிர்வாதம் வீடுகளில் எழும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இருபது சும்மா கிடக்கும் இருபது. மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே அரசின் விலையில்லா மடிக்கணினி பெற்ற மாணவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார். அவருக்கு 100 தேவைப்பட்டது, அதைத் தினமும் செலவழிக்கவும் செய்தார்.

பேட்டரியையே கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பீரோவில் வைப்பது கழற்றக்கூடிய பழைய மாடல்களில் இருந்த மரபு. பாதிச் சார்ஜில் வைத்தவர் பிழைத்தார். காலியாக வைத்தவருக்கு ஓராண்டு கழித்துக் கிடைத்தது ஒரு பேப்பர் வெயிட். இருவருமே கரண்ட் போன அந்த நொடியில் சேமிக்காத கோப்பை இழந்தனர்.

கவனிக்காமல் விட்டதன் கடைசி நிலை உப்புதல். சிதைவில் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி உறையை ஊதிவிடும். முதலில் டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆகாது. பலர் மவுஸ் வாங்கி அதைச் சமாளிப்பர். பிறகு கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடும். அந்த நிலையில் பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்துவது இரண்டும் தீயில் முடியலாம். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்; உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. இதைச் செருகியபடி கிடக்கும் கணினியில் படிப்பவர் டச்பேடை ஒருமுறை அழுத்திப் பார்க்கவும்.