வீட்டோடு துள்ளும் புழு

கேள்வி: மெக்சிகோவில் ஒரு பீன்ஸ் விதை தானாகவே குதிக்குமாமே, நிஜமா சார்?

பதில்: குதிப்பது நிஜம். ‘தானாக’ என்பதுதான் தப்பு. ‘பீன்ஸ்’ என்பதும் தப்பு! சொனோரா, சிவாவா பக்கம் வளரும், ஆமணக்குக் குடும்பத்துப் புதர் ஒன்றின் காய்த்துண்டு அது. உள்ளே ஓர் அந்துப்பூச்சியின் புழு குடியிருக்கிறது. விதையைத் தின்று தீர்த்து, காலியான ஓட்டுக்குள் பட்டு நூல் இழைத்து, அதைப் பற்றிக்கொண்டு உடம்பை வெடுக்கென்று சொடுக்கும். வீடே துள்ளும்! உள்ளங்கையில் வைத்தால் சூடு பட்டு ஆட்டம் கூடும். வெயிலில் காய்ந்து சாகாமல் நிழலுக்கு நகரத்தான் இத்தனை பாடு. ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்தாலும் நூலாலேயே அடைத்துவிடும், கெட்டிக்காரப் புழு! கூட்டுப்புழுவாகும் முன்பே ஓட்டில் வட்டமாக ஒரு கதவு வெட்டி வைத்துவிடுகிறது. பிறகு சிறகோடு வரும் பூச்சிக்குக் கடிக்கத் தாடை இருக்காதே!