எட்டுச் சதுர அடிக் கருணை

சிங்கப்பூர் லாரிகளின் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்தைப் பார்க்கலாம். லாரியின் சொந்த எடை இவ்வளவு, சரக்கோடு சேர்த்து இவ்வளவு, ஆள் இத்தனை. ஒழுங்குக்குப் பேர்போன நாடு. எதை எதோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது அதற்குத் தெரியும்.

சரக்கு லாரியின் பின்தட்டில் ஆள் ஏற்றக்கூடாது என்றுதான் இந்த ஊர்ச் சாலைச் சட்டமும் சொல்கிறது. உங்களையோ என்னையோ ஏற்றினால் குற்றம். விலக்கு முக்கியமாக இரண்டு பேருக்கு. அவசரத்தில் கொண்டுபோகப்படும் காயம்பட்டவர் ஒருவர். முதலாளியின் வேலையாகப் போகும் ஊழியர் இன்னொருவர். முன்னவர் ஏற்கெனவே அடிபட்டவர். பின்னவருக்கு இனிமேல்தான்.

பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த அந்த ஊழியருக்கு முன்பெல்லாம் தலைக்கு நான்கு சதுர அடி ஒதுக்கியிருந்தார்கள். 2010ஐ ஒட்டிய சீர்திருத்தத்தில் மனமிரங்கி எட்டாக்கினார்கள். மேலே கூரையும் பக்கத்தில் உயரமான கம்பியும் வந்தன. குழி வெட்டும்போது ஆறடிக்கு இரண்டடி என்று அளந்தாலும் செத்தவனுக்குப் பன்னிரண்டு சதுர அடி கிடைத்துவிடுகிறது. உயிரோடிருப்பவனுக்கு முழங்காலை மடக்கத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சீட் இல்லை, பெல்ட் இல்லை. அதே தட்டில் சிமெண்டு மூட்டை ஏறினால் அசையாதபடி கட்டியாக வேண்டும். மூட்டை சாலையில் விழுந்தால் பின்னால் வருகிற காருக்கு ஆபத்தாயிற்றே!

வேலைத்தளத்தில் இதே ஊழியரைத் தங்கம்போலத் தாங்குகிறார்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், இடுப்பில் வார் வேண்டும், கொக்கி வேண்டும், மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். நல்லது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் லாரி எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால், பின்தட்டில் இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் வீசப்படுவார். சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் அதுவே. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கட்டடத்தில் ஏறக்குறைய ஐந்து மாடி. இந்த உயரத்துக்கு அனுமதிச் சீட்டு எந்த அலுவலகத்தில் தருகிறார்கள்?

லாரி விபத்தில் வகைகள் உண்டு. நிற்கிற வண்டியின் பின்புறம் மோதுவது ஒன்று, வளைவில் கவிழ்வது ஒன்று, டயர் வெடித்துத் தடம் மாறுவது ஒன்று. ஓட்டுநருக்குத்தான் இவை வெவ்வேறு. பின்தட்டுக்காரருக்கு எல்லாம் ஒன்றே. அவர் லாரியோடு பிணைக்கப்படாத சரக்கு. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கவும் அவரால் முடியாது. பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். 2021 ஏப்ரல் 20ஆம் தேதி காலை தீவு விரைவுச்சாலையில் அப்படித்தான் நடந்தது. 17 ஊழியர்களோடு சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பங்களாதேஷ், ஒருவர் இந்தியா. 2013 முதல் 2022 வரை லாரியில் சென்றபோது விபத்தில் இறந்தவர்கள் 58 பேர், காயமடைந்தவர்கள் 4,765 பேர். நாளுக்கு ஒருவருக்கும் மேல். இது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட அதிகாரபூர்வக் கணக்கு. கணக்கு வைப்பதில் குறையே சொல்ல முடியாது.

அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023 ஜனவரி முதல் புதிய விதிகள் வந்தன. மழைத் தடுப்புத் திரை கட்டாயம். எலும்பு முறியும்போது சட்டை நனையாது. ஆறு மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வண்டி எடுக்கும் ஓட்டுநருக்கு அரை மணி நேரம் ஓய்வு. பல லாரிகளில் ஓட்டுநரும் ஊழியர்தான். பகலெல்லாம் சைட்டில் கம்பி கட்டிவிட்டு, மாலையில் ஸ்டியரிங் பிடிப்பவர். அவர் கண் அயராமல் பார்த்துக்கொள்ளத் துணைக்கு ஒரு தோழரையும் நியமிக்க வேண்டும். அந்தத் தோழரும் பகலெல்லாம் அதே சைட்டில் அதே கம்பியைக் கட்டியவர் என்பதைக் கண்டுகொள்ளக் கூடாது.

அந்த ஆண்டு ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு விபத்துகள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பல அமைப்புகள் கூடி, இந்தப் பழக்கத்தை நிறுத்தத் தேதி குறியுங்கள் என்று கேட்டன. ஆகஸ்ட் தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழில் சங்கங்கள் கையெழுத்திட்டுப் பதில் சொல்லின. சாலை நெரிசலாகும், செலவு ஏறும், கட்டுமானம் தாமதமாகும் என்றன. அமைச்சுகளும் கூட்டாக வழிமொழிந்தன. சிறு நிறுவனங்கள் மூடப்படும், ஊழியர்களுக்கே வேலை போகும், வீவக வீடும் எம்ஆர்டி ரயில் தடமும் பள்ளியும் மருத்துவமனையும் தள்ளிப்போகும். ஆக, மருத்துவமனை சீக்கிரம் எழும்ப வேண்டுமானால் அதைக் கட்டுகிறவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் பயணிக்க வேண்டும். எம்ஆர்டி தடம் போடுகிறவருக்கு ஒரு வண்டியில் இருக்கை கொடுத்தால் எம்ஆர்டியே வராது. இதைக் கேட்டுக்கொண்டு, புது வீட்டுச் சாவிக்குக் காத்திருக்கும் நாமும் வாயைத் திறக்கவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் நகரும் என்று யாராவது சமாதானம் சொன்னால் அவரை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு அழைத்துப் போங்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். கலவரம் மூண்டது, வண்டிகள் எரிந்தன. 2014 பிப்ரவரியிலேயே அந்த வட்டாரத்துக்கென்று தற்காலிகச் சட்டம் நிறைவேறியது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீவு முழுக்க நடப்புக்கு வந்தது. லிட்டில் இந்தியாவுக்கு அதில் கூடுதல் கெடுபிடி. ஊழியர் கையில் இருந்த பீர் டின்னைப் பறிக்கப் பதினாறு மாதம் போதுமானதாக இருந்தது. எந்தக் கடைக்காரர் நொடித்துப்போவார் என்று அந்த வேகம் நின்று பார்க்கவில்லை. சக்கரத்தில் சிக்கி ஒருவர் செத்ததும் புட்டியின் மேல் பாய்ந்த சட்டம், சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் பொருளாதாரம் படிக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. விடுதிகளிலிருந்து தேக்காவுக்கு ஊழியர்களை ஏற்றி வந்தவை தனியார் பேருந்துகள். அவற்றில் இருக்கை இருந்தது. அவர் சம்பளத்தைச் செலவழிக்கப் போகும்போது, அவரே டிக்கெட் எடுக்கும்போது, பேருந்து எங்கிருந்தோ வந்துவிடுகிறது. முதலாளிக்குச் சம்பாதித்துக் கொடுக்கப் போகும்போது லாரி. வேலை நாட்களில் பேருந்துகளுக்கு வேறு சவாரி இருக்கிறது, ஓட்டுநரும் கிடைப்பதில்லை என்பார்கள். இருக்கட்டும். தட்டுப்பாட்டில் எல்லாருக்கும் பங்கு உண்டென்றால், ஒரே ஒரு நாளாவது அலுவலகக் கூட்டத்தை லாரியில் ஏற்றிப் பங்கு பிரித்திருக்கலாமே.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் ரொம்ப நிமிர வேண்டாம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மினி லாரியில் சனம் ஏற்றி, கவிழ்ந்த மறுநாள் நிவாரணம் அறிவிக்கும் ஊர் நம்முடையது. ஆனால் அங்கே விதியை மீறி நடப்பது, இங்கே விதி எழுதி, அளந்து, எண் போட்டு நடக்கிறது. தொழிலாளர் நலனுக்கு யாரும் உதாரணம் காட்டாத வளைகுடாவில்கூட, பஹ்ரைன் 2009லேயே திறந்த லாரியில் ஊழியர்களை ஏற்றத் தடை போட்டுவிட்டது.

லிட்டில் இந்தியாவில் 2008 முதல் ஒரு தன்னார்வ அமைப்பு, அடிபட்டு வேலையிழந்து இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. முதலாளி கொடுத்த வண்டியில் வேலைக்குப் போகும்போது நேர்ந்த விபத்தும் வேலையிட விபத்துதான் என்று இழப்பீட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. கால் உடைந்த பிறகு அந்தத் தட்டு வேலையிடம். உடைவதற்கு முன்பு அது வெறும் லாரி.

லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த அரசு எடைவாரியாக, பதிவு ஆண்டுவாரியாகத் தவணை குறித்தது. உரிமையாளர்கள் மெத்தனம் காட்டியதும் 2025இல் தவணையை முன்னுக்கு இழுத்தது. இயந்திரத்துக்குத் தேதி கொடுக்கத் தெரிந்த அமைச்சர்களே, இருக்கைக்கும் ஒரு தேதி சொல்லுங்கள். 2030 என்றாவது சொல்லுங்கள். அதுவரை எத்தனை பேர் என்பதை உங்கள் பத்தாண்டுக் கணக்கை வைத்து நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.