பரிவாரத்தோடு மட்டும் எழுந்தருளும் ஸ்பிளிட் பின்

பெறுநர்: மேன்மைதங்கிய உதிரிபாகப் பிரிவு, பெயர் சொல்லத் தேவையில்லாத இருசக்கர வாகன நிறுவனம்.

பொருள்: பின்சக்கர பிரேக்கில் காணாமல் போன ஸ்பிளிட் பின்னைத் தனியாகத் தரிசிக்க அனுமதி கோருதல்.

ஸ்பிளிட் பின் என்பது அரைவட்ட வெட்டுமுகம் கொண்ட மெல்லிய எஃகுக் கம்பியை இரண்டாக மடித்துச் செய்யும் பூட்டு. மடித்த இடத்தில் ஒரு கண். கண்ணிலிருந்து ஒட்டியபடி இறங்கும் இரண்டு கால்கள், அவற்றில் ஒன்று சற்று நீளம். போல்ட் நுனியில் உள்ள துளைக்குள் அதை நுழைத்து, மறுபக்கம் எட்டிப்பார்க்கும் கால்களை எதிரெதிர்த் திசையில் மடக்கிவிட்டால் நட்டு கழன்று விழாது. வேறு வேலை அதற்கு இல்லை. இந்தச் சின்னக் கம்பியை உலகம் மதிக்கத்தான் செய்கிறது. ஐஎஸ்ஓ 1234 என்று அதற்கென்றே ஒரு தர அளவு இருக்கிறது. நாடு நாடாகச் சுங்கத் துறைகள் பின்பற்றும் சரக்கு வகைப்பாட்டில் 7318.24 என்ற துணைத்தலைப்பு இந்த வகைப் பின்களுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேன்மைதங்கிய பிரிவின் பட்டியலில் மட்டும் அதற்குச் சொந்த எண் கிடையாது. அங்கே பின்னானது பேனல் அசெம்பிளி என்னும் பரிவாரம் சூழத்தான் எழுந்தருளும்.

பின்சக்கர டிரம் பிரேக்கில் இது வீற்றிருக்கும் இடங்கள் பல. இந்த விண்ணப்பத்துக்குக் காரணமானது டார்க் ராடு போல்ட்டில் இருந்தது. பெடலை மிதித்தால் பிரேக் ராடு இழுபடும். அதன் மறுமுனையில் உள்ள லிவர் திரும்பும். லிவரோடு கேம் திரும்பி இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். சுழன்றுகொண்டிருக்கும் டிரம் சும்மா நிற்காது. தன்னை அழுத்தும் ஷூக்களையும், அவை மாட்டியிருக்கும் பேனல் பிளேட்டையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அப்படிச் சுழலவிடாமல் பிடித்திருப்பது டார்க் ராடு. அதன் ஒரு முனை பேனல் பிளேட்டிலும் மறுமுனை ஸ்விங் ஆர்மிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வண்டியும் ஆளும் சாமானும் சேர்ந்த எடையைப் பின்சக்கரம் நிறுத்த முயலும்போதெல்லாம் அந்தப் போல்ட் சுமை வாங்குகிறது. போல்ட்டை நட்டு காக்கிறது. நட்டைக் காப்பது பின்.

பின் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். நட்டு இறுக்கமாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. ஊர்ச் சாலைகளின் அதிர்வில் அது மெல்ல நெகிழ்ந்து ஒருநாள் விழும், பிறகு போல்ட் நழுவும். அதற்கடுத்து மிதிக்கும் முதல் பிரேக்கில் பேனல் பிளேட் சக்கரத்தோடு திரும்பி, பிரேக் ராடையும் முறுக்கி இழுத்துக்கொண்டு போகும். அதிர்ஷ்டம் இருந்தால் பிரேக் இல்லாமல் போகும். இல்லாவிட்டால் சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிடும்.

இந்தப் பின் காணாமல் போவதற்குத் திருடர்கள் தேவையில்லை. பின்சக்கரத்தைக் கழற்றப் பல வண்டிகளில் டார்க் ராடையும் கழற்ற வேண்டும். பஞ்சர், செயின் ஸ்பிராக்கெட், ஷூ மாற்றம் எதுவானாலும் மெக்கானிக் முதலில் நிமிர்த்துவது பின்னின் கால்களைத்தான். ஒருமுறை மடக்கி நிமிர்த்திய கம்பி மறுமுறை மடக்கும்போது மடிப்பிலேயே விரிசல் விடும். ஆகவே ஒவ்வொரு கழற்றலுக்கும் புதுப் பின் என்பது பட்டறைப் பாலபாடம். பழையதை வீசிவிட்டுப் புதியதைப் போட மறப்பது நடைமுறை. இந்த விண்ணப்பத்துக்குரிய வண்டியில் அந்த நடைமுறையை நிறைவேற்றியது நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையமே. ஷூ மாற்றியதற்கான பில்லில் வாட்டர் வாஷ் வரை வரிசையாக எல்லாம் அச்சாகியிருந்தது. போல்ட்டில் மட்டும் துளை காலியாக இருந்தது.

துளையைக் கண்ட வாடிக்கையாளர் அதே நிலையத்தின் உதிரிபாகக் கவுண்டருக்குப் போனால் நடக்கும் சடங்கு வருமாறு. முதலில் சேஸிஸ் நம்பர் கேட்கப்படும். கணினித் திரையில் பிரேக்கின் படம் பிரிந்து விரியும். பின்னும் அதில் அழகாக வரையப்பட்டிருக்கும், அதைச் சுட்டி ஒரு மெல்லிய கோடும் ஓடும். கோட்டைத் தொடர்ந்து போனால் பேனலின் எண்ணில் போய் முட்டும். "தனியா வராது சார், பேனல் செட்டா எடுத்துக்கோங்க. முழுப் பணமும் முன்னாடியே கட்டணும்." ஒரு பின்னுக்காகவா என்று கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு." பிறகு பட்டறைப் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி ஓர் அறிவிப்பு: "டேய், சாருக்கு ஒரே ஒரு பின் வேணுமாம்!" உள்ளே சிரிப்பு. உற்சவர் ஒரு கம்பியாக இருந்தாலும் பிளேட், கேம், லிவர், ஸ்பிரிங் என்று பரிவார தேவதைகள் இன்றிப் புறப்பாடு கிடையாது என்ற ஆகமத்தை இவ்வளவு கண்டிப்போடு காக்கும் கவுண்டரைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கடைசியில் ரகசியம் போல ஓர் அறிவுரையும் கிடைக்கும்: "வெளிய ஹார்டுவேர் கடைல பாருங்க சார்." அறிவுரை சொன்னவரின் தலைக்கு நேர்மேலே சுவரில் ஒரு பலகை: அசல் உதிரிபாகங்களை மட்டுமே பயன்படுத்துக, மற்றவற்றால் வாரண்டி பாதிக்கப்படலாம். ஆக, இந்தப் பின் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது. அசல் பின் விற்பனைக்கு இல்லை. வேறு பின் போடக் கூடாது. மூன்று கட்டளைகளையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற ஒரே வழி வண்டியை வீட்டில் நிறுத்திவைத்து மாதத் தவணை கட்டுவது.

சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190 இப்படிப் போகிறது: பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை வண்டியில் இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலும், அதைப் பொது இடத்தில் ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். இதில் 'தெரிந்தும்' என்ற சொல் முக்கியம். பின் இல்லை என்று கவுண்டரில் போய்ச் சொன்ன கணமே வாடிக்கையாளர் தெரிந்தவராகிவிடுகிறார். மாட்டாமல் விட்டவர் பில்லில் ஜிஎஸ்டி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார். கேட்டவர் குற்றவாளி. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளில் 125 சிசி வரை குறைந்தது இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ், அதற்கு மேல் சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் ஏபிஎஸ் என்று அரசு கட்டாயமாக்கியது சாலையில் உயிர்கள் போவதால்தான். அந்த அக்கறையை விளம்பரத்தில் அரைப்பக்கம் பாடும் நிறுவனம், தன் ஆட்கள் தொலைத்த கம்பியைக் கேட்டு வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறது. இது அலட்சியம் கூட இல்லை, திமிர். நட்டு விழுந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் சேர்ந்துதான் விழும்.

மன்னிக்கவும். பிரிவின் மேன்மைக்கு இந்தத் தொனி அடுக்காது. உதிரிபாகத்தைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் அபராதம் விதித்ததும், பழுது பார்க்கும் உரிமைக்கென ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்ததும் பெரிய பரிவாரங்களைப் பற்றிய செய்திகள். ஒற்றைக் கம்பியாக வாழும் தெய்வம் அவற்றில் இடம்பெறவில்லை.

இனி, ஆகமத்துக்குப் புறம்பான வழி. சென்னையில் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதுக்குப் புதுப்பேட்டை. ஸ்பிளிட் பின்னுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நட்டு போல்ட் விற்கும் எந்தக் கடையிலும் டப்பா நிறைய இருக்கும். அங்கே சேஸிஸ் நம்பர் கேட்பதில்லை. "எத்தனை எம்.எம்.?" என்ற ஒரே கேள்விதான். போல்ட்டில் உள்ள துளையின் விட்டமே பின்னின் பெயர் அளவு. 2.5 மி.மீ. என்று விற்கும் பின்னை அளந்துபார்த்தால் 2.3க்கு மேல் இருக்காது, கடைக்காரர் ஏமாற்றவில்லை, துளைக்குள் நுழைவதற்கான இடைவெளி அது. ஒரு டீயின் விலைக்குள் கைநிறையக் கிடைக்கும். வண்டிக்குப் போட்டது போக மிச்சத்தைச் சீட்டுக்கு அடியில் டூல் பையில் போட்டுவைக்கலாம்.

மாட்டும் முறையில் சூட்சுமம் அதிகமில்லை. முதலில் நட்டைச் சரியாக இறுக்க வேண்டும். பின் நட்டு கழலாமல் காக்குமே தவிர, தளர்ந்த நட்டை இறுக்கித் தராது. கிரீடம் போல வெட்டுகள் உள்ள நட்டாக இருந்து, வெட்டும் துளையும் நேர்கோட்டில் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது. பின்னைக் கண் வரை உள்ளே தள்ளி, நோஸ் பிளையரால் கால்களை எதிரெதிராக மடக்கி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட வேண்டும். கட்டுக்கம்பி, ஆணி, வீட்டு அம்மாவின் ஹேர்பின் ஆகியவை பஞ்சர் கடையிலிருந்து வீடுவரை கூட்டிவரலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருப்பதால் பெடலையும் பார்ப்பது நல்லது. பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை பெடல் சும்மா இறங்கும் தூரம் பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. என்று கையேடு சொல்லும். பிரேக் ராடின் நுனியில் உள்ள அட்ஜஸ்டிங் நட்டைத் திருகி அதைச் சரிசெய்யலாம். அந்த நட்டின் முகத்தில் ஒரு வளைந்த பள்ளம் உண்டு. அது லிவரில் உள்ள உருளையின் மேல் பொருந்தி உட்கார வேண்டும், பாதித் திருகில் மேடேறி நிற்கவிட்டால் ஓட்டத்தில் தானே திரும்பிப் பள்ளத்தில் விழுந்து அளவை மாற்றிவிடும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, உரசல் இல்லையென்றால் வேலை முடிந்தது.

மேன்மைதங்கிய பிரிவின் முன் பணிந்து வைக்கப்படும் வேண்டுகோள் சிறியது. பட்டியலில் பின்னுக்கு ஒரு சொந்த எண் தர வேண்டும். பின்பிரேக் ஷூ விற்கும் ஹோலோகிராம் உறைக்குள்ளேயே இரண்டு பின்களைப் போட்டுவிட வேண்டும், ஷூ மாற்றும் ஒவ்வொருவருக்கும் அவை தேவை என்பது வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியாததல்ல. சர்வீஸ் முடிந்த வண்டியைக் கையளிக்கும் தாளில், வாட்டர் வாஷுக்கு மேலே, 'டார்க் ராடு பின் மாட்டப்பட்டது' என்று ஒரு வரியும் பக்கத்தில் மெக்கானிக்கின் கையெழுத்தும் வேண்டும். பேனலை மொத்தமாக வாங்கக்கூடிய பக்தர்களுக்குப் பரிவார தரிசனம் வழக்கம்போலத் தொடர்வதில் ஆட்சேபம் இல்லை.

இங்ஙனம்,
ஒரே ஒரு பின் கேட்ட வாடிக்கையாளர்